ஒரு மரத்திலிருந்து தொடங்குங்கள்: நெல்லைச் சீமையின் காட்டுப் பூச்சிகளைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சித்திரைக் கடைசியில் இரண்டு கோடை மழை பெய்தால் போதும், செங்கோட்டை, புளியறைப் பக்கத்துத் தேக்குகள் தளிர்த்துப் பச்சை பிடித்துவிடும். வைகாசி பிறந்த சில நாட்களில் அதே மரங்கள் நரம்பு மட்டும் மிஞ்சி மொட்டையாக நிற்பதும் உண்டு. தோட்டக்காரர் பதறிப்போய் மருந்துக் கடைக்கு ஓடுகிறார், கிடைத்ததை வாங்கி வந்து தெளிக்கிறார். அதற்குள் புழுக்கள் கீழே இறங்கிச் சருகுக்கடியில் கூடாகியிருக்கும். இன்னும் சில வாரங்களில் மரம் தானாகவே தழைக்கும். மருந்துதான் மரத்தைக் காப்பாற்றியது என்று அவர் நம்பிவிடுவார். அடுத்த வருடமும் அதே செலவு, அதே நம்பிக்கை.

என்ன பூச்சி, எப்போது வந்தது, எவ்வளவு தின்றது, தின்றபின் மரம் என்ன ஆனது என்று யாராவது ஒருவர் எழுதி வைத்திருந்தால் அவர் அப்படி ஓடியிருக்க மாட்டார். வனப் பூச்சியியல் என்பது இந்த நான்கு கேள்விகளுக்கும் பொறுமையாக விடை எழுதும் வேலைதான். கல்லூரி மாணவர், வேட்டைத் தடுப்புக் காவலர், பட்டா நிலத்தில் மரம் வளர்ப்பவர், பள்ளி ஆசிரியர் என்று யாரும் இதைச் செய்யலாம். எங்கிருந்து தொடங்குவது, எதை எப்படிப் பார்ப்பது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்தக் காடு என்று முடிவு செய்யுங்கள்

திருச்செந்தூர்த் தேரி மணலிலிருந்து அகத்தியர் மலையின் 1,868 மீட்டர் உச்சிவரை நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அந்தத் தூரத்துக்குள் மூன்று விதமான காடுகள் இருக்கின்றன, மூன்றிலும் வேலை வேறு வேறு.

மேலே களக்காடு முண்டந்துறை. 1988இல் அறிவிக்கப்பட்ட இது தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். செங்கல்தேரி, குதிரைவெட்டி, கோதையாறு என்று பசுமை மாறாத சோலைகள் உள்ள இடம். பல இன மரங்கள் கலந்து நிற்கும் இத்தகைய காட்டில் ஒரே புழு பெருகி மலையையே மொட்டையடிப்பது பொதுவாக அரிது. ஒரு வெடிப்பலாவிலிருந்து அடுத்த வெடிப்பலாவைத் தேடிப் போவதற்குள் பூச்சியைப் பிடிக்கப் பறவையும் குளவியும் சிலந்தியும் காத்திருக்கின்றன. இங்கே நாம் படிக்க வேண்டியது அந்தச் சமநிலையை.

மலையடிவாரத்தில் கடையம், ஆழ்வார்குறிச்சி, பாபநாசம், களக்காடு, திருக்குறுங்குடி வரிசையில் தேக்கு, மகோகனி, குமிழ் என்று ஒரே மரத்தை வரிசையாக நட்ட தோட்டங்கள். பூச்சித் தொல்லை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

சமவெளியில் குளத்துக்குள் நிற்கும் கருவேலம், கரையோர உடங்காடு, தேரியில் பனையும் கொல்லாமரமும் (முந்திரி), ஆற்றங்கரையில் மருதம், வாய்க்கால் ஓரத்தில் புங்கம், சாஸ்தா கோயில்களில் ஆலும் அத்தியும் இலுப்பையும். தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இந்தச் சமவெளியைத்தான். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் மரம் இருந்தால்தான் ஆண்டு முழுவதும் பார்க்க முடியும்.

2. அனுமதி

காப்புக்காட்டுக்குள் ஒரு வண்டைக்கூட அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் பட்டாம்பூச்சிகளும் வண்டுகளும் இருக்கின்றன. காப்பகத்துக்குள் ஆய்வு செய்யத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அம்பாசமுத்திரம், களக்காடு துணை இயக்குநர் அலுவலகங்களில் முதலில் போய்ப் பேசுங்கள். கல்லூரி வழியாக விண்ணப்பித்தால் எளிது. பட்டா நிலமென்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை, கோயில் மரமென்றால் பூசாரியிடம் ஒரு வார்த்தை.

மலைக்குள் போக அனுமதி கிடைத்தால், அங்கே வாழும் பழங்குடியினரான காணி மக்களில் ஒருவர் துணையில்லாமல் போகாதீர்கள். எந்த மரம் எப்போது பூக்கும், மலைத்தேனீ எந்தப் பாறையில் கூடு வைக்கும், கொசுத்தேனீ எந்தப் பொந்தில் இருக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் சொல்வதைக் குறிப்பேட்டில் எழுதும்போது சொன்னவர் இன்னார் என்று அவர் சம்மதத்துடன் எழுதுங்கள். அது அவர்களுடைய அறிவு.

3. மரத்தைத் தேர்ந்தெடுத்து எண் போடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் பூச்சியைத் தேடிப் போகிறார்கள், இன்று ஒரு இடம், நாளை ஓர் இடம். அதில் படங்கள் சேரும், அறிவு சேராது. ஒரே இனத்தில் இருபது மரங்களைத் தேர்ந்தெடுங்கள். சாலையோரத்தில் ஐந்து, உள்ளே பத்து, தனியாக நிற்பவை ஐந்து என்று கலந்திருக்கட்டும். ஆணி அடிக்காமல் கயிற்றில் எண் அட்டை கட்டுங்கள். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவை அளந்து, அந்த இடத்தில் வண்ணக் கோடு போடுங்கள். அடுத்த ஆண்டும் அதே கோட்டில்தான் அளக்க வேண்டும்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும். தளிர்விடும் காலத்தில் மட்டும் வாரம் இருமுறை, ஏனென்றால் தேக்குப் புழுவின் முழு வாழ்க்கையும் ஏறக்குறைய மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு முறையும் மரம் எந்த நிலையில் இருக்கிறது (தளிர், முற்றிய இலை, பூ, காய், இலையுதிர்வு), கடைசி மழை எப்போது, காற்று எப்படி என்று எழுதிவிட்டு, அதன்பிறகு பூச்சிக்கு வாருங்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி, பேனாக்கத்தி, அளவு நாடா, மூடியுள்ள சிறு குப்பிகள், பென்சில், குறிப்பேடு. பேனா மழையில் கரையும்.

4. சேதத்தை வாசியுங்கள்

பல நேரங்களில் பூச்சி கண்ணில் படாது, அது விட்டுப்போன தடயம்தான் கிடைக்கும். கைக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, இலையைக் கண்ணாடிக்கு அருகே கொண்டு வந்து பாருங்கள்.

இலையில் தொடங்குவோம். தேக்கில் இரண்டு புழுக்கள். முதலாவது இலை தின்னும் புழு, ஹிப்லியா பியூரா. சிறியதாக இருக்கும்போது இலையின் மேற்பரப்பைச் சுரண்டும். வளர்ந்ததும் இலை ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டி, அந்தத் துண்டை மடித்து நூலால் தைத்து, அந்தக் குடிலுக்குள் இருந்துகொண்டு தின்னும். மடிப்பைப் பிரித்தால் உள்ளே புழு துள்ளும். முடிவில் பெரிய நரம்புகள் மட்டுமே மிஞ்சும். கூட்டமாகப் பெருகிய காலத்தில் புழு கறுத்திருக்கும், தனித்தனியாக இருக்கும் காலத்தில் பச்சை கலந்திருக்கும். இரண்டாவது இலை அரிக்கும் புழு, யூடெக்டோனா மாக்கெராலிஸ். இது நரம்புகளுக்கு இடைப்பட்ட பச்சையை மட்டும் தின்றுவிட்டு, நுண்நரம்புகளைக்கூடத் தொடாமல் சல்லடையாக விட்டுவிடும். இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். முதலாவது தளிர்க் காலத்தில் வரும், இரண்டாவது இலை முற்றியபின் வரும். இந்தக் கால வேறுபாட்டை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இலையில் புடைப்புகள் இருந்தால் ஒன்றை நறுக்கிப் பாருங்கள். தாமிரபரணிக் கரை மருத இலையில் உள்ள புடைப்புகளுக்குள் பெரும்பாலும் சிறு தத்துப்பூச்சிக் குஞ்சுகள் இருக்கும். புங்க இலையில் விரல்போல நீட்டி நிற்கும் புடைப்புகள் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேனின் வேலை, அது பூச்சியே அல்ல. யூகலிப்டஸ் இலையின் நடு நரம்பிலும் காம்பிலும் வரிசையாக முண்டு முண்டாக இருந்தால் லெப்டோசைபே இன்வாசா என்ற சின்னஞ்சிறு குளவி. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட இது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தென்னிந்தியாவுக்கு வந்து சேர்ந்தது.

நுனிக்கொழுந்து. மகோகனியிலும் அதன் உறவான மரங்களிலும் நடுக்கொழுந்து வாடித் தொங்கினால் அதைப் பிளந்து பாருங்கள். ஹிப்சிபைலா புழு உள்ளே இருக்கும். மரம் சாகாது. ஆனால் நடுத்தண்டு போனதும் பக்கக் கிளைகள் இரண்டு மூன்று எழுந்து கவட்டை மரமாகிவிடும். பலகைக்காக வளர்ப்பவருக்கு இது பெரிய இழப்பு.

வேம்பு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு பனிக்காலத்திலும் மக்கள் கலங்கிப்போகிறார்கள். கார்த்திகையிலிருந்து தை, மாசி வரை வேப்பமரத்தின் நுனிக்கிளைகள் தீப்பட்டதுபோல் கருகித் தொங்குகின்றன. இதில் இருவர் கைவரிசை இருக்கிறது. ஒன்று தேயிலைக் கொசு என்று சொல்லப்படும் நாவாய்ப்பூச்சி, தேரியில் கொல்லாமரத்தின் கொழுந்தைக் கருக்குவதும் இதுவே. மற்றொன்று ஒரு பூஞ்சை. பூச்சியை அடையாளம் காண்பது எளிது: மெலிந்த உடல், நீண்ட உணர்கொம்புகள், முதுகின் நடுவில் குண்டூசி குத்தி வைத்ததுபோல் தலையுள்ள ஒரு சிறு முள். அந்த முள்ளைப் பார்த்துவிட்டால் வேறெதுவோடும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். அது குத்தி உறிஞ்சிய இடத்தில் திசு செத்துக் கறுக்கும், அங்கே பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். பெரிய வேம்புகள் பெரும்பாலும் பங்குனி வாக்கில் மறுபடி தளிர்க்கும். கருகிய மரத்தை வெட்டிவிடும் அவசரம் வேண்டாம்.

பட்டையில் மண் பூச்சு இருந்தால் கறையான். கத்தியால் சுரண்டுங்கள். கீழே பட்டை பசுமையாக, ஈரமாக இருந்தால் கறையான் செத்த மேற்பட்டையைத்தான் தின்கிறது, மரத்துக்குக் கேடில்லை. நாற்றங்காலிலும் புதிதாக நட்ட கன்றிலும் வேரைக் கடித்தால் மட்டுமே கவலை. கவட்டைப் பகுதியில் மரத்தூளும் எச்சமும் நூலாம்படையும் கலந்த நாடா ஒட்டிக் கிடந்தால் பட்டை தின்னும் புழு. பகலில் ஒரு சிறு துளைக்குள் இருந்துகொண்டு இரவில் அந்த நாடாவின் அடியிலேயே வந்து பட்டையைத் தின்னும்.

மரத்துக்குள் துளைப்பவற்றைத் தூளை வைத்தே பிரிக்கலாம். நார்நாராக, கரடுமுரடாகத் தூள் விழுந்தால் நீள்கொம்பு வண்டின் புழு. கோதுமை மாவுபோல் நைசாக விழுந்தால், அதுவும் வெட்டிய மூங்கிலிலோ காய்ந்த பலகையிலோ விழுந்தால், மாவு வண்டு. சேமியாபோல் மெல்லிய குச்சியாகத் தூள் நீட்டிக்கொண்டு நின்று, துளையைச் சுற்றி மரம் கறுத்திருந்தால் தன் உணவுக்கு மரத்துக்குள்ளேயே பூஞ்சை வளர்க்கும் சிறு வண்டு. வெளியேறிய துளையின் வடிவமும் சாட்சி சொல்லும்: நீள்கொம்பு வண்டுக்கு உருண்டை அல்லது முட்டை வடிவம், பொன்வண்டு இனத்துக்குத் தட்டையாக, ஒரு பக்கம் வெட்டிய அரைவட்டம்.

காய்களை மறக்காதீர்கள். பழுத்து விழுந்த கருவேலங்காய்களை ஒரு பையில் சேர்த்து, மஸ்லின் துணியால் மூடிய டப்பாவில் போட்டு வையுங்கள். நாளடைவில் விதைக்கு ஒரு துளையாகப் போட்டுக்கொண்டு சிறு வண்டுகள் வெளிவரும். நாற்றங்காலுக்கு விதை எடுப்பவர்களுக்கு இது முக்கியம்.

5. வளர்த்துப் பாருங்கள்

இந்தப் படிப்பின் உயிர்நாடி இதுதான். புழுவை மட்டும் பார்த்து இன்ன அந்து (அந்துப்பூச்சி) என்று சொல்வது பழகியவர்களுக்கே கடினம். வளர்த்துப் பார்த்தால் புழு, கூடு, அந்து மூன்றும் ஒரே கதையாகக் கையில் கிடைக்கும்.

அகன்ற வாயுள்ள பிளாஸ்டிக் டப்பா, அடியில் காகிதம், மேலே மஸ்லின் துணி, ரப்பர் வளையம். ஒரு டப்பாவுக்கு ஒரு புழு. எந்த மரத்திலிருந்து எடுத்தீர்களோ அதே மரத்தின் இலையை நாள்தோறும் மாற்றுங்கள், எச்சத்தைத் துடைத்து எடுங்கள். ஈரம் தேங்கினால் புழு அழுகும். கம்பளிப்பூச்சிகளை வெறுங்கையால் தொடாதீர்கள், சிறு தூரிகையால் நகர்த்துங்கள். தோல் கழற்றிய நாள், தின்பதை நிறுத்திய நாள், கூடான நாள், வெளிவந்த நாள், நான்கையும் எழுதுங்கள். தேக்குப் புழு கூடாகும்முன் மரத்திலிருந்து இறங்கித் தரைச் சருகைத் தேடும், அதனால் டப்பாவின் அடியில் கொஞ்சம் சருகு போடுங்கள். வெளிவரும் அந்துக்கு முன்சிறகு மண்ணிறம், பின்சிறகு கறுப்பில் ஆரஞ்சு மஞ்சள் பட்டை.

ஒரு நாள் அந்துக்குப் பதிலாக ஒரு குளவியோ ஈயோ வெளிவரும். வளர்ப்பு வீணாகிவிட்டது என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள். அந்தப் புழுவுக்குள் முட்டையிட்டு அதைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணி அது. நீங்கள் எடுத்த புழுக்களில் எத்தனையில் ஒட்டுண்ணி வந்தது என்ற கணக்கு, அந்தக் காட்டில் இயற்கைக் காவல் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு நேரடி அளவு.

பெருமரத்தில் ஒரு வேலையை அவசியம் செய்து பாருங்கள். கோவில்பட்டி, சிவகாசிப் பக்கம் தீக்குச்சிக்காக அறியப்பட்ட மரம் இது. இதன் இலையை எலிக்மா நார்சிசஸ் என்ற அந்தின் புழுக்கள் கூட்டமாகத் தின்னும்: மஞ்சள் உடலில் கறுப்புப் பட்டைகள், நீண்ட வெள்ளை முடிகள். முழுவளர்ச்சி அடைந்ததும் அடிமரத்துக்கு வந்து, பட்டைத் துகள்களை நூலோடு சேர்த்து, பட்டை நிறத்திலேயே கூடு கட்டும். அடிமரத்தில் கண்ணை வைத்துத் தேடினாலும் தெரியாது. விரலால் தட்டுங்கள். கூட்டுக்குள் இருக்கும் உயிர் தன் வயிற்றின் நுனியைக் கூட்டின் உட்சுவர் வரிகளில் உரசிக் கிலுகிலுப்பையாக ஒலி எழுப்பும். ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் இருப்பவையும் சேர்ந்து ஒலிக்கும். கைகால் இல்லாத, நகர முடியாத உயிர் தன்னைக் காக்க எழுப்பும் ஒலி அது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் அன்றைக்கே அவர்களில் ஒருவர் பூச்சியியலாளர் ஆகிவிடுவார் என்று உறுதியாக நம்புகிறேன்.

6. விளக்கும் குடையும்

மொட்டைமாடியில் கொடிகட்டி வெள்ளை வேட்டியை விரித்து, அதன்முன் ஒரு விளக்கு. புற ஊதாக் கதிர் தரும் குழல் விளக்கு சிறந்தது, இல்லாவிட்டால் பிரகாசமான வெள்ளை விளக்கு போதும். அமாவாசையை ஒட்டிய, காற்றில்லாத, புழுக்கமான இரவுகளைத் தேர்ந்தெடுங்கள். தூறல் நின்ற இரவு மிக நல்லது. பௌர்ணமியன்று உட்கார்ந்து பயனில்லை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியும் ஆரல்வாய்மொழி வழியும் காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் காற்று அடிக்கும்போது துணியும் நிற்காது, அந்தும் வராது. அந்த மாதங்களை இலை பார்ப்பதற்கு ஒதுக்கிவிட்டு, புரட்டாசியில் விளக்குக்குத் திரும்புங்கள். மணிக்கு ஒருமுறை படம் எடுத்து, வேலை முடிந்ததும் விளக்கை அணைத்துவிடுங்கள். அடிவாரத்து ஊர்களில் இரவில் வீட்டு எல்லைக்கு வெளியே போக வேண்டாம், யானையும் கரடியும் நடமாடும் இடம்.

பகலுக்குக் குடை. வெளிர்நிறக் குடையை விரித்துத் தலைகீழாகக் கிளைக்கடியில் பிடித்து, கிளையைத் தடியால் மூன்று தட்டு தட்டுங்கள். கூன்வண்டு, பொறிவண்டு, தத்துப்பூச்சி, சிலந்தி எல்லாம் குடைக்குள் விழும். எண்ணிவிட்டுத் திருப்பிக் கொட்டுங்கள். ஒவ்வொரு மரத்திலும் அதே மூன்று தட்டு, அதே உயரக் கிளை என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு மாதம் ஒப்பிடலாம்.

7. அளந்தபிறகு முடிவு சொல்லுங்கள்

மரத்துக்கு மூன்று கிளை, கிளைக்குப் பத்து இலை. ஒவ்வோர் இலைக்கும் மதிப்பெண்: சேதமில்லை 0, கால்பங்கு வரை 1, அரைவரை 2, முக்கால்வரை 3, அதற்கு மேல் 4. முப்பது இலைகளின் கூட்டுத்தொகையை முப்பதால் வகுத்தால் அந்த மரத்தின் அன்றைய அளவு. எடுத்துக்காட்டாகக் கூட்டுத்தொகை 75 என்றால் அளவு 2.5. இருபது மரங்களின் அளவுகளை வரிசையாக எழுதினால் தொல்லை ஒரு மூலையில் தொடங்கிப் பரவுகிறதா, எங்கும் ஒரேயடியாக வருகிறதா என்பது தெரிந்துவிடும். தேக்குப் புழுவின் பெருக்கம் பெரும்பாலும் சிறு திட்டுகளில்தான் தொடங்குகிறது. அங்கிருந்து எழும் அந்துகள் கூட்டமாக வேறு இடத்துக்குப் போய் முட்டையிடுகின்றன.

இலை போனது என்பதும் மரத்துக்கு நட்டம் ஏற்பட்டது என்பதும் ஒன்றல்ல. இதை எனக்குத் தெரிந்தவரை மிகத் தெளிவாகக் காட்டியது கேரளத்தின் நிலம்பூரில் பீச்சி வன ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய ஆய்வு. 4 முதல் 9 வயதுவரையான தேக்குகளில் ஒரு பகுதியைப் புழுக்களிடமிருந்து காத்தும் ஒரு பகுதியைக் காக்காமலும் ஐந்தாண்டு அளந்தார்கள். இலை தின்னும் புழுவால் மரம் அடையக்கூடிய வளர்ச்சியில் 44 சதவீதம் போயிருந்தது. இலை அரிக்கும் புழுவால் குறிப்பிடத்தக்க இழப்பு இல்லை. இரண்டுமே இலையைத்தான் தின்கின்றன. ஆனால் முதலாவது, மரம் வேகமாக வளரும் காலத்தில் தளிரைத் தின்கிறது, மரம் தன் சேமிப்பைச் செலவழித்து மறுபடி தழைக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது, எப்படியும் உதிரப்போகும் முற்றிய இலையைத் தின்கிறது. பூச்சியின் கணக்கை மரத்தின் நாட்காட்டியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதனால்தான் சுற்றளவுக் கோடு போடச் சொன்னேன்.

8. காவல்காரர்களையும் எண்ணுங்கள்

தேக்கில் புழு பெருகிய வாரத்தில் மைனா, காகம், கரிச்சான் எத்தனை வருகின்றன என்று எழுதுங்கள். இலையில் தலைகீழாகத் தொங்கி, தொட்டால் தோல் கிழிந்து நீராக வடியும் புழுக்களைக் கண்டால் அது நச்சுயிரி (வைரஸ்) நோய். தேக்குப் புழுவை மட்டும் தாக்கும் அந்த நச்சுயிரியைப் பீச்சி விஞ்ஞானிகள் தெளிப்பு மருந்தாகவே உருவாக்கியிருக்கிறார்கள். முசுறு எறும்புகள் இலைகளைத் தைத்துக் கூடு கட்டிய மரத்தில் தின்னும் பூச்சிகள் எவ்வளவு, இல்லாத மரத்தில் எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். பூச்சிகளைக் குத்தி உறிஞ்சும் கொல்லி நாவாய்ப்பூச்சிகளைப் பற்றிய ஆய்வுகளுக்குப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. நம் ஊரிலேயே வழிகாட்டுவோர் இருக்கிறார்கள்.

பூச்சியைக் கொண்டு களையை ஒழித்த வரலாறும் நம் வறண்ட நிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. சப்பாத்திக்கள்ளி புதராக மண்டியிருந்த காலத்தில், 1926இல் இலங்கையிலிருந்து ஒரு செதில் பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். கள்ளிக்காடுகள் சுருங்கின. இன்றும் ஓடையோரக் கள்ளியில் வெண்பஞ்சு ஒட்டியதுபோல் அது இருக்கும். நகத்தால் நசுக்கினால் இரத்தச் சிவப்புச் சாயம் ஒட்டும். அண்மைக் கதை மாவுப்பூச்சி. 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரி, மரவள்ளி, தேக்கு என்று ஏறியபோது மருந்துகள் கைகொடுக்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்டபிறகுதான் அடங்கியது. மருந்தை அள்ளித் தெளித்தால் அந்தக் குளவிகள்தான் முதலில் சாகும்.

9. செய்ய வேண்டியதும் வேண்டாததும்

இயற்கைக் காட்டில் எந்தப் பூச்சிக்கும் எதையும் தெளிக்கக் கூடாது. அங்கே கறையான் கரடிக்கு உணவு, ஈசல் பறவைக்கு உணவு, புற்றில் முளைக்கும் காளான் மனிதருக்கு உணவு. சாண வண்டு உருட்டிப் போனது மரத்துக்கு உரம்.

தோட்டத்தில்: மகோகனிக் கொழுந்து போனால் எழும் கிளைகளில் நேரான ஒன்றை விட்டு மற்றவற்றை வெட்டுங்கள். வேறு மரங்களோடு கலந்து நடுவது இன்னும் நல்லது. பட்டை தின்னும் புழுவுக்கு நாடாவைத் துடைத்துவிட்டு, துளைக்குள் கம்பியை விட்டுக் குத்தி, மண்ணெண்ணெய் நனைத்த பஞ்சை அடைத்துக் களிமண்ணால் பூசுங்கள். ஒரு மரத்துக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. வெட்டிய மரத்தைப் பட்டையோடு மழையில் போடாதீர்கள். மாவு வண்டு தேடி வருவது மூங்கிலில் உள்ள மாவுச்சத்தை, அதனால் வெட்டிய மூங்கிலைச் சில வாரங்கள் நீரில் ஊறப்போட்டு உலர்த்துங்கள். கருவேலில் பொன்வண்டு மேய்ந்தால் மேயட்டும்.

10. மாதிரியும் பெயரும்

பெயர் தெரியாத பூச்சியில் ஒன்றிரண்டு மட்டும் எடுத்தால் போதும். வண்டை உறைபெட்டியில் ஓரிரவு வைத்துக் கொன்று, வலது முன்சிறகில் ஊசி குத்தி உலர்த்துங்கள். புழுவைக் கொதிநீரில் ஒரு கணம் இட்டு எடுத்து 70 சதவீத ஆல்கஹாலில் போட்டால் நிறம் கறுக்காது. அந்துகளைச் சிறகு விரித்து ஊசியில் நிறுத்துங்கள். எறும்பும் பூஞ்சையும் அண்டாத பெட்டியில் நாப்தலீனோடு வையுங்கள்.

சீட்டு இல்லாத மாதிரி குப்பை. ஊர், வட்டம், கடல்மட்ட உயரம், நாள், எந்த மரம், மரத்தின் எந்தப் பாகம், எடுத்தவர் பெயர், இத்தனையும் ஊசியிலேயே குத்தப்பட்டிருக்க வேண்டும். குப்பியென்றால் சீட்டைப் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள்.

பெயர் அறியக் கோயம்புத்தூர் வன மரபியல் மற்றும் மர வளர்ப்பு நிறுவனத்தை அணுகலாம். அங்குள்ள காஸ் வன அருங்காட்சியகத்தில் காட்டுப் பூச்சிகளின் சேகரிப்பு இருக்கிறது, ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். 1906இல் தொடங்கிய டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் ஸ்டெப்பிங், பீசன் என்ற பூச்சியியலாளர்கள் உருவாக்கிய மரபின் கிளைதான் இந்தியாவின் வனப் பூச்சியியல் முழுவதும். அனுப்பும்போது அந்து மட்டும் போதாது. அது வளர்ந்த புழுவின் படம், தின்ற இலை, காலியான கூடு, அதிலிருந்து வந்த ஒட்டுண்ணி, நாள்வாரிக் குறிப்பின் நகல் எல்லாவற்றையும் ஒரே எண்ணின் கீழ் சேர்த்து அனுப்புங்கள். குறிப்பேட்டின் மூலப்படி உங்களிடமே இருக்கட்டும், இன்னொரு நகல் அந்த வனச்சரக அலுவலகத்துக்கோ ஊர்ப் பள்ளிக்கோ போகட்டும். அடுத்த சித்திரையில் அதே இருபது மரங்களின் முன் வேறொருவர் நிற்க நேர்ந்தாலும், போன வருடம் தளிர் எப்போது வந்தது, புழு எப்போது வந்தது என்பது அவர் கையில் இருக்கும்.